சி டிரைவில் இடமில்லையா? ஆபீஸ் மென்பொருளை நிறுவ ஒரு வழிகாட்டி

சிறிய எஸ்எஸ்டியும் (வேகமான சேமிப்பகம்) பெரிய ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து வரும் கணினிகள் நம் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் ஏராளம். விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் 128 ஜிபி. அதன் பக்கத்தில் டி டிரைவ் 1 டிபி. முன்னது நிரம்பி வழியும், பின்னது காலியாகக் கிடக்கும். இந்த நிலையில் வேர்டும் எக்செலும் வேண்டும் என்று செட்அப்பை ஓட்டினால், எந்த டிரைவில் நிறுவ வேண்டும் என்று அது உங்களைக் கேட்காது. நேராகச் சி டிரைவுக்குப் போகும். பாதி வழியில் இடம் போதவில்லை என்று நின்றுவிடும்.

எங்கள் வீட்டுக் கணினியில் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியபோது எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் பாதி, பழைய பதிப்புகளுக்குச் சொல்லப்பட்டவை. மீதியில் சில, விண்டோஸையே குலைத்துவிடக் கூடியவை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபீஸுக்குத் தேவைப்படுவது சில ஜிபிதான். சி டிரைவை அடைத்துக்கொண்டிருப்பவை பெரும்பாலும் உங்கள் படங்களும் வீடியோக்களும் டவுன்லோடுகளும் மின்னஞ்சல் கோப்புகளும்தான். அவற்றை டி டிரைவுக்கு அனுப்பிவிடுங்கள்; ஆபீஸ் சி டிரைவிலேயே இருக்கட்டும். அதற்கும் வழியில்லை என்றால் மட்டும் டி டிரைவில் நிறுவும் வழிகளுக்குப் போங்கள். கீழே உள்ள வரிசையும் அப்படித்தான்.

1. உங்களுடையது எந்த ஆபீஸ் என்று பாருங்கள்

இது தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஆபீஸ் 2010 வரை செட்அப்பில் "கஸ்டமைஸ்" என்ற பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் "ஃபைல் லொகேஷன்" பக்கம் வரும். அங்கே டி டிரைவைக் காட்டினால் போதும். பழைய வீடியோக்கள் பலவற்றில் நீங்கள் பார்ப்பது இதைத்தான். அண்மைக்கால மைக்ரோசாஃப்ட் 365, ஆபீஸ் 2021, ஆபீஸ் 2024 எல்லாம் "கிளிக் டு ரன்" என்ற வேறு முறையில் நிறுவப்படுபவை. விண்டோஸ் எந்த டிரைவில் இருக்கிறதோ அந்த டிரைவில்தான் இவற்றை நிறுவ முடியும் என்று மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பக்கத்திலேயே சொல்கிறது. எந்தப் பொத்தானுக்குப் பின்னாலும் அந்தத் தேர்வு ஒளிந்திருக்கவில்லை. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

"டி டிரைவில் போட முடிகிறதே" என்பதற்காகப் பழைய பதிப்பு ஒன்றைத் தேடிப் பிடிக்கவும் வேண்டாம். ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. ஆபீஸ் 2021-க்கு 2026 அக்டோபர் 13 வரையும், ஆபீஸ் 2024-க்கு 2029 அக்டோபர் 9 வரையும் ஆதரவு உண்டு. புதிதாகப் பணம் கொடுத்து வாங்குபவர்கள் இந்தத் தேதிகளைப் பார்த்து வாங்குங்கள்.

2. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

வேலையைத் தொடங்கிய பிறகு கடவுச்சொல்லைத் தேடி ஓடுவதைவிட வேதனை வேறில்லை. முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வையுங்கள்:

- ஆபீஸ் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் வாங்கப்பட்டதோ அந்த மின்னஞ்சல் முகவரி, அதன் கடவுச்சொல், உறுதிப்படுத்தும் எண் வந்து சேரும் கைபேசி. மடிக்கணினியோடு சேர்ந்து வந்த ஆபீஸ் என்றால், முதன்முதலில் அதைச் செயல்படுத்தியபோது எந்தக் கணக்கைக் கொடுத்தார்களோ அதோடு அது பிணைந்திருக்கும். கடைக்காரரே தன் கணக்கில் செயல்படுத்திக் கொடுத்திருந்தால், இப்போதே அவரிடம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆபீஸை நீக்கிய பிறகு பேசினால் காலதாமதம்தான்.
- அட்டையில் அச்சிட்டு வாங்கியிருந்தால் 25 எழுத்துகள் கொண்ட புராடக்ட் கீயும், வாங்கிய ரசீதும். கீயை ஒருமுறை கணக்கில் பதிந்துவிட்டால் அதன்பின் கணக்கே போதும். ஆனாலும் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.
- கணினியின் நிர்வாகிக் கணக்கு. அலுவலகக் கணினி என்றால் கணினிப் பிரிவின் அனுமதி. அவர்கள் பூட்டி வைத்திருக்கும் கணினியில் கீழே உள்ள எதையும் நீங்களாகச் செய்ய வேண்டாம்.
- பிட்லாக்கர் (டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவி. டிஸ்க்கின் பிரிவுகளில் கைவைக்கப் போகிறவர்களுக்கு இது கட்டாயம். 48 இலக்கங்கள் கொண்ட எண் அது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனங்கள் பக்கத்தில் பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். நீங்கள் பிட்லாக்கரைப் போட்டதே இல்லை என்றாலும் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கப்பட்ட பல மடிக்கணினிகளில் குறியாக்கம் தானாகவே இயங்கிவிடுகிறது.
- முக்கியமான கோப்புகளின் நகல் வேறு ஒரு வெளி டிஸ்க்கில். டி டிரைவில் இருப்பது நகல் ஆகாது. அதுவும் இதே கணினிக்குள் இருப்பதுதான்.

3. இடத்தை அளந்து பாருங்கள்

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போங்கள். சில நொடிகளில் சி டிரைவை எவை நிரப்பியிருக்கின்றன என்ற பட்டியல் வரும். "ஷோ மோர் கேட்டகரீஸ்" என்பதை அழுத்தினால்தான் முழுப் பட்டியலும் தெரியும். செயலிகள் எவ்வளவு, தற்காலிகக் கோப்புகள் எவ்வளவு, டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்ட் கேட்பது 4 ஜிபி காலியிடம். அந்த 4 ஜிபியை மட்டும் வைத்துக்கொண்டு நிறுவத் தொடங்காதீர்கள். நிறுவும்போது தற்காலிகக் கோப்புகளுக்கு இடம் வேண்டும். பிறகு மாதந்தோறும் வரும் ஆபீஸ் திருத்தங்களுக்கும் விண்டோஸ் திருத்தங்களுக்கும் இடம் வேண்டும். நிறுவுவதற்கு முன் 15 ஜிபி காலியாக இருக்கும்படி செய்துகொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை. 10-க்குக் கீழே இருந்தால் இன்று ஆபீஸ் ஏறினாலும் அடுத்த மாதம் விண்டோஸ் அப்டேட் மறுக்கலாம்.

அதே பக்கத்தில் "வேர் நியூ கன்டென்ட் இஸ் சேவ்டு" என்று ஓர் அமைப்பு இருக்கிறது. "நியூ ஆப்ஸ் வில் சேவ் டு" என்பதில் டி டிரைவைத் தேர்ந்தெடுத்தால் ஆபீஸும் அங்கே போகும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. அது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வரும் செயலிகளுக்கு மட்டுமானது. நிறுவப்பட்ட செயலிகள் பட்டியலில் சிலவற்றுக்குப் பக்கத்தில் தெரியும் "மூவ்" பொத்தானும் அப்படித்தான். ஆபீஸுக்கு அது வராது.

4. சி டிரைவைக் காலி செய்யுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு மீதிப் படிகள் தேவைப்படாது.

தற்காலிகக் கோப்புகளிலிருந்து தொடங்குங்கள். ஸ்டோரேஜ் பக்கத்தில் "டெம்பரரி ஃபைல்ஸ்" என்பதைத் திறந்தால் ஒரு நீண்ட பட்டியல் வரும். விண்டோஸ் அப்டேட் கிளீன்அப், டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ், ரீசைக்கிள் பின் ஆகியவற்றைத் தைரியமாகத் தேர்ந்தெடுக்கலாம். இங்கே ஒரு பெரிய கண்ணி இருக்கிறது: அதே பட்டியலில் "டவுன்லோட்ஸ்" என்ற பெயரும் இருக்கும். மற்றவற்றோடு அதையும் தேர்ந்தெடுத்துவிட்டால் உங்கள் டவுன்லோட்ஸ் கோப்புறை மொத்தமும் அழிந்துவிடும். வங்கி அறிக்கை, ஆதார் பிடிஎஃப், பிள்ளைகளின் ஹால் டிக்கெட் என்று எல்லாமே அங்கேதானே கிடக்கின்றன! ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

"ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்" என்ற வரி இருந்தால் அதில் மட்டுமே பல ஜிபி கிடைக்கும். அண்மையில் விண்டோஸ் 11-க்கு மாறியவர்கள், பழையதற்குத் திரும்பப் போவதில்லை என்ற உறுதி இருந்தால் மட்டும் நீக்குங்கள். நீக்காவிட்டாலும், மாறிய 10 நாட்களில் விண்டோஸே அதை நீக்கிவிடும்.

அடுத்து உங்கள் சொந்தக் கோப்புறைகள். முதலில் டி டிரைவில் டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் என்று தனித்தனிக் கோப்புறைகளை உருவாக்குங்கள். பிறகு சி டிரைவில் உங்கள் பெயரில் உள்ள கோப்புறைக்குள் போய், டவுன்லோட்ஸ் மீது வலது சொடுக்கு, பிராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ் என்று வரிசையாகப் போய், டி டிரைவில் உருவாக்கிய அதே பெயருள்ள கோப்புறையைக் காட்டுங்கள். இருக்கும் கோப்புகளையும் நகர்த்தவா என்று கேட்கும்; ஆம் என்று சொல்லுங்கள். இதே வேலையை மற்றவற்றுக்கும் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

இங்கும் கவனம் வேண்டும். கோப்புறையைக் காட்டாமல் டி டிரைவையே காட்டிவிட்டால், டிரைவ் முழுவதும் "டவுன்லோட்ஸ்" ஆகிவிடும்; பழைய நிலைக்குத் திருப்புவது பெரும்பாடு. இரண்டு கோப்புறைகளுக்கு ஒரே இடத்தைக் காட்டினாலும் இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவின் காப்பு இயங்கிக்கொண்டிருந்தால், டாகுமெண்ட்ஸ் ஏற்கெனவே ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் ஒன்டிரைவ் அமைப்புகளில் அந்தக் காப்பை முதலில் நிறுத்திவிட்டு வாருங்கள். காப்பு வேண்டும் என்பவர்கள் ஒன்டிரைவ் கோப்புறையின் மீது வலது சொடுக்கி "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" கொடுங்கள். கோப்புகள் இணையத்தில் இருக்கும், கணினியில் பெயர் மட்டும் தெரியும்.

அவுட்லுக் பயன்படுத்துபவர்கள் ஒரு விஷயத்தை அவசியம் பார்க்க வேண்டும். அவுட்லுக்கில் ஃபைல், அக்கவுண்ட் செட்டிங்ஸ், டேட்டா ஃபைல்ஸ் என்று போனால் மின்னஞ்சல் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும். அதன் பெயர் ஓஎஸ்டி என்று முடிந்தால், அது சர்வரில் உள்ள அஞ்சல்களின் நகல். போனாலும் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். கணக்கு அமைப்பில் எத்தனை மாத அஞ்சல்களைக் கணினியில் வைக்க வேண்டும் என்று இழுத்து மாற்றும் ஸ்லைடர் இருக்கிறது. ஓராண்டை மூன்று மாதமாகக் குறைத்தால், அடுத்து உருவாகும் கோப்பு சிறியதாக இருக்கும். பெயர் பிஎஸ்டி என்று முடிந்தால் கதை வேறு. பாப் வகைக் கணக்குகளில் (அஞ்சல்களைச் சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிவிடும் முறை) உங்கள் அஞ்சல்களின் ஒரே பிரதி அதுவாக இருக்கலாம். அவுட்லுக்கை மூடிவிட்டு, அதை டி டிரைவுக்கு நகலெடுத்து, அவுட்லுக்கில் புதிய இடத்தைக் காட்டி, அஞ்சல்கள் எல்லாம் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே பழையதை அழியுங்கள்.

இன்னும் இடம் வேண்டுமா? திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டுக் கணினியை அணைக்க உதவும் ஹைபர்னேட் கோப்பு ஒன்று சி டிரைவில் மறைந்திருக்கும். அதன் அளவு ராம் நினைவகத்தில் சுமார் 40 சதவீதம். 8 ஜிபி ராம் உள்ள கணினியில் 3 ஜிபிக்குச் சற்று மேல். கமாண்ட் ப்ராம்ப்டை (கட்டளைகளை எழுதும் விண்டோஸ் சாளரம்) நிர்வாகியாகத் திறந்து, ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி என்ற எழுத்துகளைச் சேர்த்து எழுதுங்கள். ஓர் இடைவெளி விட்டு, சாய்வுக்கோடும் (/) எச் எழுத்தும். மீண்டும் ஓர் இடைவெளி விட்டு, ஆஃப். எண்டர் அழுத்தினால் அந்தக் கோப்பு போய்விடும். ஹைபர்னேட் வசதியும் வேகமாகத் தொடங்கும் வசதியும் இதனால் நின்றுவிடும். ஆஃப் என்ற இடத்தில் ஆன் என்று எழுதினால் திரும்ப வந்துவிடும்.

தொடவே கூடாத இடங்களும் உண்டு. விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் "இன்ஸ்டாலர்", "வின்எஸ்எக்ஸ்எஸ்" ஆகிய இரண்டும் பார்ப்பதற்குப் பல ஜிபி குப்பை போலத் தெரியும். இன்ஸ்டாலரை அழித்தால் நிறுவிய மென்பொருள்களைத் திருத்தவும் முடியாது, நீக்கவும் முடியாது. வின்எஸ்எக்ஸ்எஸ் விண்டோஸின் உயிர்நாடி. இவற்றை அழிக்கச் சொல்லும் ஆலோசனை எங்கே கண்ணில் பட்டாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

5. சி டிரைவையே பெரிதாக்க முடியுமா?

சியும் டியும் ஒரே டிஸ்க்கின் இரு பிரிவுகளாக இருந்தால் மட்டுமே இந்தக் கேள்விக்கு இடம். ஸ்டார்ட் பொத்தான் மீது வலது சொடுக்கு, டிஸ்க் மேனேஜ்மெண்ட். "டிஸ்க் 0" என்ற ஒரே வரிசையில் இரண்டும் இருந்தால் ஒரே டிஸ்க். சி ஒரு வரிசையிலும் டி "டிஸ்க் 1" வரிசையிலும் இருந்தால் அவை தனித்தனி. இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள்.

ஒரே டிஸ்க் என்றால், டியைச் சுருக்கிச் சியை நீட்டலாம் என்று தோன்றும். செய்து பார்த்தால் "எக்ஸ்டெண்ட் வால்யூம்" மங்கிப்போய் அழுத்த முடியாமல் நிற்கும். காரணம் இதுதான்: டியைச் சுருக்கும்போது காலியிடம் டிக்கு வலது பக்கத்தில் உருவாகிறது. சி நீள வேண்டுமானால் காலியிடம் சிக்கு வலப்பக்கம் ஒட்டியே இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் டி நிற்கிறது. பல கணினிகளில் மீட்புப் பிரிவும் நடுவில் நிற்கிறது. டியை முழுவதுமாக நீக்கிவிட்டுச் செய்யலாம். அதில் உள்ள அத்தனையும் போய்விடும். பிரிவுகளை நகர்த்தும் தனி மென்பொருள்களும் இருக்கின்றன. அவை வேலை செய்யும்போது நடுவில் மின்சாரம் போனால் தரவுகளை இழக்க நேரிடும். முழு நகலும் பிட்லாக்கர் சாவியும் யுபிஎஸ்ஸோ முழுதாக ஏற்றிய பேட்டரியோ இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

6. மைக்ரோசாஃப்ட் ஆபீஸை நிறுவுதல்

இடம் கிடைத்துவிட்டதா? இப்போது கணக்கின் பக்கத்தில் நுழைந்து இன்ஸ்டால் கொடுங்கள். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சில எம்பி அளவுள்ள சிறிய செட்அப். அது நிறுவும்போதே மீதியை இணையத்திலிருந்து இறக்கும். மற்றொன்று, "ஆஃப்லைன் இன்ஸ்டாலர்" என்ற பெரிய கோப்பு. சில ஜிபி அளவு இருக்கும். இணையம் அடிக்கடி அறுந்துபோகும் ஊர்க்காரர்களுக்கு இரண்டாவதே நல்லது. இறக்கும்போது அதை டி டிரைவில் சேமியுங்கள். பென்டிரைவில் கொண்டுவருவதாக இருந்தால் அது எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கட்டும். ஃபேட்32 வடிவில் 4 ஜிபியை எட்டும் கோப்பு ஏறாது. அந்தக் கோப்பை இருமுறை சொடுக்கினால் புதிய டிரைவ் போலத் திறக்கும். உள்ளே செட்அப் இருக்கும்.

பழைய ஆபீஸ் ஏதாவது இருந்தால் முதலில் நீக்கிவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். 32 பிட்டும் 64 பிட்டும் கலந்தால் செட்அப் மறுத்துவிடும்.

வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட் மட்டும் போதும் என்பவர்கள் "ஆபீஸ் டிப்ளாய்மெண்ட் டூல்" என்ற இலவசக் கருவியை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். "ஆபீஸ் கஸ்டமைசேஷன் டூல்" என்ற இணையப் பக்கத்தில் எந்தெந்தச் செயலிகள் வேண்டாம் என்று அணைத்துவிட்டு ஏற்றுமதி செய்தால், ஒரு கட்டமைப்புக் கோப்பு கிடைக்கும். நிறுவன உரிமம், கல்வி உரிமம் வைத்திருப்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். வீட்டு உபயோகச் சந்தா என்றால் அந்தக் கோப்பில் தயாரிப்பின் அடையாளப் பெயரைக் கையால் மாற்ற வேண்டும். அந்தப் பெயர்களின் பட்டியல் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருக்கிறது. பிறகு கமாண்ட் ப்ராம்ப்டில் செட்அப்பை "டவுன்லோட்" என்ற சொல்லோடு ஒருமுறை, "கன்ஃபிகர்" என்ற சொல்லோடு ஒருமுறை ஓட்ட வேண்டும். டவுன்லோட் எங்கே சேர வேண்டும் என்பதற்கு டி டிரைவைக் கொடுக்கலாம். நிறுவும் இடம் அப்போதும் சி டிரைவ்தான். செயலிகளைக் குறைப்பதால் பெரிய சேமிப்பை எதிர்பார்க்காதீர்கள். எல்லாச் செயலிகளும் சேர்ந்து பயன்படுத்தும் பொதுக் கோப்புகள் எப்படியும் வந்துவிடும்.

7. டி டிரைவில்தான் வேண்டும் என்றால்: லிப்ரே ஆபீஸ்

கடிதம், மனு, கணக்குப் பட்டியல், பள்ளித் திட்டப்பணி ஆகியவைதான் உங்கள் வேலை என்றால், வேர்டு, எக்செல் போன்ற செயலிகளைக் கொண்ட லிப்ரே ஆபீஸை மனதார முன்மொழிகிறேன். முற்றிலும் இலவசம், கணக்கும் கீயும் கிடையாது, தமிழ் இடைமுகமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த டிரைவில் நிறுவ வேண்டும் என்பதை உங்களிடமே விடுகிறது. செட்அப் சில நூறு எம்பிதான். நிறுவிய பிறகு 1.5 ஜிபி வரை இடம் பிடிக்கும்.

அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். செட்அப்பை ஓட்டினால் "டிபிக்கல்", "கஸ்டம்" என்ற இரண்டு தேர்வுகள் வரும். டிபிக்கல் கொடுத்தால் கேள்வியே இல்லாமல் சி டிரைவுக்குப் போய்விடும். கஸ்டம் கொடுங்கள். அடுத்த பக்கத்தின் கீழே நிறுவும் இடம் எழுதியிருக்கும். பக்கத்தில் "சேஞ்ச்" பொத்தான். அதை அழுத்தி, டி டிரைவில் லிப்ரே ஆபீஸ் என்ற பெயரில் ஒரு கோப்புறையைக் காட்டுங்கள். அதே பக்கத்தில் "யூசர் இன்டர்ஃபேஸ் லாங்குவேஜஸ்" என்பதை விரித்தால் தமிழையும் சேர்க்கலாம். இப்போது விட்டுவிட்டால் பிறகு செட்அப்பைத் திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும். உங்கள் அமைப்புகளும் செட்அப்பின் ஒரு நகலும் சி டிரைவில் சிறிது இடம் எடுத்துக்கொள்ளும். அது தவிர்க்க முடியாதது.

எக்செலில் மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதிய கோப்புகளோடு வேலை செய்பவர்கள் மட்டும் முழுவதுமாக மாறுவதற்கு முன் தங்கள் முக்கியக் கோப்புகளைத் திறந்து சோதியுங்கள். சிக்கலான மேக்ரோக்கள் அப்படியே ஓடும் என்று நம்பியிருக்க முடியாது. எப்போதாவது ஒருமுறை மட்டும் வேர்டு கோப்பைத் திறக்க வேண்டியவர்களுக்கு, இணைய உலாவியிலேயே இயங்கும் மைக்ரோசாஃப்ட்டின் இலவச வேர்டும் எக்செலும் போதும். அவற்றுக்குச் சி டிரைவில் இடமே வேண்டாம். ஒன்டிரைவில் 5 ஜிபி இலவசமாகக் கிடைக்கிறது.

8. கடைசி வழி: ஜங்ஷன்

மைக்ரோசாஃப்ட் ஆபீஸேதான் வேண்டும், அதுவும் டி டிரைவில்தான் வேண்டும் என்றால் ஒரு சுற்றுவழி இருக்கிறது. கடை எதிர்ப்புறம் மாறிவிட்டது என்று பழைய வாசலில் பலகை தொங்கவிடுவது போன்றது இது: சி டிரைவில் ஒரு பெயர் மட்டும் இருக்கும், அதற்குள் எழுதப்படும் எல்லாம் டி டிரைவில் போய் உட்காரும். மைக்ரோசாஃப்ட் இந்த வழியை ஆதரிப்பதில்லை. பின்னர் ஒரு திருத்தம் தடைபட்டாலோ ஆபீஸ் திறக்காமல் போனாலோ நீங்களேதான் சரிசெய்துகொள்ள வேண்டும். அலுவலகக் கணினியில் வேண்டாம்.

டி டிரைவ் கணினிக்குள் நிலையாக இருக்கும் டிஸ்க்காகவும் என்டிஎஃப்எஸ் வடிவிலும் இருக்க வேண்டும். யுஎஸ்பியில் செருகும் வெளி டிஸ்க்கில் செய்தால், அதைக் கழற்றிய நாளில் ஆபீஸும் போய்விடும்.

செய்முறை இது. இருக்கும் ஆபீஸை நீக்கி மறுதொடக்கம் செய்யுங்கள். சி டிரைவின் ப்ரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் "மைக்ரோசாஃப்ட் ஆபீஸ்" என்ற கோப்புறை மிச்சமிருந்தால் அதன் பெயரை மாற்றிவிடுங்கள். அது இருக்கும்வரை கட்டளை மறுக்கும். டி டிரைவில் அதே பெயரில் காலியான கோப்புறையை உருவாக்குங்கள். கமாண்ட் ப்ராம்ப்டை நிர்வாகியாகத் திறந்து, எம், கே, எல், ஐ, என், கே என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதுங்கள். ஓர் இடைவெளி விட்டு, சாய்வுக்கோடும் (/) ஜே எழுத்தும். இன்னோர் இடைவெளி விட்டு, சி டிரைவில் இருக்க வேண்டிய கோப்புறையின் முழுப் பாதை, இரட்டை மேற்கோள் குறிக்குள். மீண்டும் ஓர் இடைவெளி விட்டு, டி டிரைவில் உருவாக்கிய கோப்புறையின் முழுப் பாதை, அதுவும் இரட்டை மேற்கோளுக்குள். எப்போதும் சி முதலில், டி பிறகு. மேற்கோள் குறியை விட்டுவிட்டால் பெயரின் நடுவில் உள்ள இடைவெளியில் கட்டளை உடைந்துவிடும். ஜங்ஷன் உருவானது என்று ஒரு வரி வந்தால் சரி. இனி ஆபீஸை வழக்கம்போல் நிறுவுங்கள். 64 பிட் விண்டோஸில் 32 பிட் ஆபீஸ் போடுபவர்கள், எக்ஸ்86 என்று முடியும் மற்றொரு ப்ரோகிராம் ஃபைல்ஸில் இதைச் செய்ய வேண்டும்.

எல்லாம் டிக்குப் போய்விடாது. காமன் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் போகும் பகுதிகளும் தற்காலிகக் கோப்புகளும் சியில்தான் இருக்கும். ஆகவே சில ஜிபி அங்கே காலியில்லாமல் இந்த வழிக்கும் வராதீர்கள். இரண்டாவது, டி டிரைவ் சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் வேர்டு திறப்பது கண்கூடாக மெதுவாகும். மூன்றாவதைப் பலர் சொல்வதில்லை: ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் சாதாரணப் பயனர் யாரும் எழுத முடியாதபடி விண்டோஸ் காவல் வைத்திருக்கிறது. டி டிரைவில் நீங்கள் உருவாக்கும் கோப்புறைக்கு அந்தக் காவல் இயல்பாகக் கிடையாது. பலர் பயன்படுத்தும் கணினி என்றால் அந்தக் கோப்புறையின் செக்யூரிட்டி பக்கத்தில், நிர்வாகிகளுக்கும் சிஸ்டத்துக்கும் மட்டும் எழுதும் உரிமை, மற்றவர்களுக்குப் படிக்கவும் இயக்கவும் மட்டும் உரிமை என்று மாற்றிவிடுங்கள். முந்தைய படியில் சொன்ன லிப்ரே ஆபீஸ் கோப்புறைக்கும் இது பொருந்தும்.

வேறு இரண்டு குறுக்குவழிகளையும் சொல்வார்கள். நிறுவிய ஆபீஸ் கோப்புறையை அப்படியே வெட்டி டியில் ஒட்டுவது ஒன்று. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகளின் பதிவேடு) ப்ரோகிராம் ஃபைல்ஸின் இடத்தையே மாற்றுவது மற்றொன்று. முதலாவதில் ஆபீஸ் உடைந்துபோகும். இரண்டாவதை மைக்ரோசாஃப்ட் ஆதரிக்கவில்லை என்று அறிவித்திருக்கிறது. மற்ற மென்பொருள்களும் விண்டோஸ் திருத்தங்களும் சேர்ந்து குழம்பும். "போர்ட்டபிள் ஆபீஸ்" என்ற பெயரில் சுற்றும் திருட்டுப் பதிப்புகள் பக்கமே போகாதீர்கள். அவற்றோடு சேர்ந்து வருவது எது என்று உங்களுக்குத் தெரியாது; அதே கணினியில்தான் நீங்கள் வங்கிக் கணக்கையும் திறக்கிறீர்கள்.

9. செலவும் நேரமும்

மேலே சொன்ன எந்தப் படிக்கும் கூடுதல் பணம் தேவையில்லை. ஏற்கெனவே வாங்கிய ஆபீஸை நீக்கி அதே கணினியில் திரும்ப நிறுவுவதற்கும் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் அது அவர்களின் கூலி மட்டுமே. மைக்ரோசாஃப்ட் 365 தனிநபர் சந்தாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாதனங்கள் வரை உள்நுழையலாம். ஒருமுறை பணம் கட்டி வாங்கும் ஆபீஸ் 2024 ஒரு கணினிக்கு மட்டும்.

இணையச் செலவைக் கணக்கில் வையுங்கள். தினம் 1.5 ஜிபி தரும் கைபேசித் திட்டத்தில் பெரிய செட்அப்பை ஒரே நாளில் இறக்க முடியாது. 4 ஜிபி கோப்பு, நொடிக்கு 40 மெகாபிட் வேகமுள்ள பிராட்பேண்டில் கால் மணி நேரத்தில் வந்துவிடும். 10 மெகாபிட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெரிய வீடியோ கோப்புறைகளை ஹார்டு டிஸ்க்குக்கு நகர்த்துவதற்கும் நேரம் பிடிக்கும். கோப்புகளை நகர்த்துவதை ஒரு நாளும், நிறுவுவதை மறுநாளும் வைத்துக்கொண்டால் பதற்றமில்லாமல் முடியும். வருமான வரிக் கணக்குத் தாக்கல், தேர்வு, ஏலத்துக்கான கடைசித் தேதி நெருங்கும் வாரத்தில் தொடங்காதீர்கள்.

பணம் செலவழிக்கத் தயார் என்றால் அதை எஸ்எஸ்டியை மாற்றுவதில் செலவழியுங்கள். 128 ஜிபிக்குப் பதில் 512 ஜிபி போட்டால் இந்தக் கட்டுரையே உங்களுக்கு வேண்டியதில்லை. கடைக்குப் போகும் முன் உங்கள் மடிக்கணினியில் இருப்பது எம்.2 வகையா, சாட்டா வகையா, அல்லது பலகையிலேயே பற்றவைத்த ஈஎம்எம்சி வகையா என்று மாடல் எண்ணை வைத்துத் தெரிந்துகொள்ளுங்கள். கடைசி வகையைக் கழற்றி மாற்ற முடியாது. உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால் கணினியைத் திறப்பது அதைப் பாதிக்குமா என்று நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

10. நிறுவிய பிறகு

சி டிரைவ் மறுபடி நிரம்பாமல் இருக்க ஆபீஸிலும் இரண்டு அமைப்புகளை மாற்றுங்கள். வேர்டைத் திறந்து ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போங்கள். "டிஃபால்ட் லோக்கல் ஃபைல் லொகேஷன்" என்பதில் டி டிரைவின் டாகுமெண்ட்ஸ் பாதையைக் கொடுங்கள். "சேவ் டு கம்ப்யூட்டர் பை டிஃபால்ட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். எக்செலிலும் பவர்பாயிண்ட்டிலும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும். ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது. அதே பக்கத்தில் உள்ள ஆட்டோ ரெக்கவர் கோப்புகளின் இடத்தை மட்டும் இருந்தபடியே விட்டுவிடுங்கள். அவை சிறியவை, எஸ்எஸ்டியில் இருந்தால் விரைவாக எழுதப்படும்.

ஸ்டோரேஜ் பக்கத்தில் "ஸ்டோரேஜ் சென்ஸ்" என்பதை இயக்குங்கள். அதற்குள்ளும் டவுன்லோட்ஸ் கோப்புறையைக் குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு அழிக்கவா என்ற கேள்வி இருக்கும். "நெவர்" என்று வையுங்கள். ஃபைல், அக்கவுண்ட், அப்டேட் ஆப்ஷன்ஸ், அப்டேட் நவ் என்று கொடுத்து ஒரு திருத்தம் முழுமையாக ஏறுகிறதா என்று பாருங்கள். ஜங்ஷன் வழியில் போனவர்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம். அது தடையின்றி முடிந்தால், பெயர் மாற்றி வைத்த பழைய கோப்புறையை அழித்துவிடலாம்.